பழைய அனிராய்டு காற்றழுத்தமானி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஐந்து அங்குல டயலோடு ஒரு பித்தளைக் காற்றழுத்தமானி தொங்குகிறது. வருகிறவர்கள் முதலில் அதைக் கடிகாரம் என்று நினைத்து மணி பார்க்கப் போவார்கள். அப்புறம் ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்குவார்கள். பழைய பொருள்கள் சேகரிக்கும் நண்பர்கள் கேட்பதும் பெரும்பாலும் அதே கேள்விகள்தான். பல வருடங்களாகச் சொல்லி வந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

அனிராய்டு என்றால் என்ன?

திரவம் இல்லாதது என்று பொருள். கிரேக்கச் சொற்களை வைத்துக் கட்டிய பெயர். அதற்கு முன்னால் காற்றழுத்தமானி என்றாலே பாதரசம்தான். இத்தாலியில் டாரிசெல்லி 1643–44ல் காட்டிய கண்ணாடிக் குழாயில், கடல் மட்டத்தில் காற்றின் எடை ஏறக்குறைய 760 மில்லிமீட்டர், அதாவது 30 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான உயரத்துக்குப் பாதரசத்தைத் தாங்கி நிற்கும். அனிராய்டில் குழாயும் இல்லை, பாதரசமும் இல்லை. காற்று நீக்கி மூடிய ஒரு உலோக டப்பிதான் எல்லாம். ஆனாலும் டயலில் 28 முதல் 31 வரை எண்கள் இருக்கும். அவை அந்தப் பழைய பாதரசக் குழாயின் அங்குலங்களேதான்.

உள்ளே என்னதான் நடக்கிறது?

என்னுடையதின் பின்மூடியைக் கழற்றினால் முதலில் கண்ணில் படுவது ஒரு வட்ட டப்பி. இரண்டு முகமும் தண்ணீரில் கல் போட்டது போல வளையம் வளையமாக நெளிந்திருக்கும். பழையவற்றில் பெரும்பாலும் ஜெர்மன் சில்வரில் செய்தார்கள். தகடு தட்டையாக இருந்தால் விறைப்பாக நிற்கும், அசைய மறுக்கும். நெளிவு இருந்தால்தான் சின்ன அழுத்த மாற்றத்துக்கும் அது சீராக வளைந்து கொடுக்கும்.

டப்பிக்குள் காற்று கிட்டத்தட்ட இல்லை. வெளியே ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் ஒரு கிலோ எடைக்குக் காற்று அழுத்துகிறது. ஐந்து சென்டிமீட்டர் அகல டப்பி என்றால் அதன் முகத்தில் 20 கிலோ! சும்மா விட்டால் அப்பளம் போல் ஒட்டிக்கொள்ளும். அதைத் தடுக்கத்தான் டப்பியின் நடுவில் நிற்கும் சின்னத் தூணைக் கெட்டியான ஒரு எஃகு ஸ்பிரிங் மேலே பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறது. காற்று கீழே அமுக்குகிறது, ஸ்பிரிங் மேலே இழுக்கிறது. இரண்டும் சமமாகிற இடத்தில் டப்பி நிற்கும். காற்றழுத்தம் கூடினால் கொஞ்சம் அமுங்கும், குறைந்தால் கொஞ்சம் எழும்பும்.

அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு தெரியுமா? டயலின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை முள் போனாலும் டப்பியின் நடுப்பகுதி நகர்வது மில்லிமீட்டரில் ஒரு சிறு பின்னம்தான். முள் நுனியோ ஒரு ஜாண் தூரத்துக்கு மேல் போகிறது. நடுவில் இருக்கும் நெம்புகோல்களின் வேலை அது. ஸ்பிரிங்கின் நுனியிலிருந்து நீளமான ஒரு நெம்புகோல் புறப்பட்டு, தண்டு ஒன்றை லேசாகத் திருப்பும். அந்தத் தண்டிலுள்ள கை, நூலிழை போல மெல்லிய ஒரு சங்கிலியை இழுக்கும். சங்கிலி முள்ளின் அச்சில் சுற்றியிருக்கும். சங்கிலி தளர்ந்துவிடாமல் கைக்கடிகாரத்தில் இருப்பது போன்ற ஒரு ஹேர் ஸ்பிரிங் அச்சை மறுபக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். லென்ஸ் வைத்து அந்தச் சங்கிலியைப் பாருங்கள். சைக்கிள் சங்கிலி போலவே கண்ணி கண்ணியாகக் கோத்திருப்பார்கள். முதல் முறை பார்த்தபோது நான் வேலையை மறந்து வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதைக் கண்டுபிடித்தவர் யார்?

பிரான்சில் நாந்து நகரில் பிறந்த லூசியன் விடி. 1844ல் காப்புரிமை வாங்கினார். காற்று நீக்கிய சின்னத் துருத்தி ஒன்றை வைத்துக் காற்றழுத்தத்தை அளக்கலாம் என்ற யோசனையை ஜெர்மானிய அறிஞர் லைப்னிட்ஸ் 1700ஐ ஒட்டியே கடிதங்களில் எழுதியிருக்கிறார். ஆனால் கசியாத டப்பி செய்யும் உலோக வேலை அன்று கைவரவில்லை. யோசனைக்கும் பொருளுக்கும் நடுவே நூற்றாண்டுக்கு மேல் போயிற்று.

லண்டனில் கடிகாரங்களும், கப்பலில் துல்லியமாக நேரம் காட்டும் குரோனோமீட்டர்களும் செய்து புகழ்பெற்ற டென்ட் இதை இங்கிலாந்தில் பரப்பினார். இதற்கிடையே பூர்டோன் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் வளைந்த குழாயை வைத்து அழுத்தமானி செய்தார். நீராவிக் கொதிகலன்களில் இன்றும் பார்க்கும் பிரஷர் கேஜ் அதுதான். தன் கருத்தை எடுத்துக்கொண்டுவிட்டார் என்று விடி வழக்குப் போட, அது வருடக்கணக்கில் இழுத்தது. விடி 1866ல் இறந்தார். அவர் பெயர் இன்று அவ்வளவாக யாருக்கும் தெரியாது என்பது எனக்கு வருத்தம்தான்.

பாதரசமானியைவிட இது நல்லதா?

துல்லியத்தில் இல்லை. நல்ல பாதரசமானிதான் அளவுகோல், அதைப் பார்த்துத்தான் அனிராய்டைச் சரிசெய்ய வேண்டும். ஆனால் பாதரசமானி ஒரு மீட்டர் நீளக் கண்ணாடி. கப்பல் ஆடினால் பாதரசமும் ஏறி இறங்கும். குதிரை மேல் வைத்து மலையேறினால் உடையும். அனிராய்டைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம். பிரிட்டிஷ் வானிலை அலுவலகத்தை 1854ல் தொடங்கி நடத்திய ஃபிட்ஸ்ராய் தூண்டியதன் பேரில்தான் 1860ஐ ஒட்டி நெக்ரெட்டி அண்ட் ஜாம்ப்ரா நிறுவனம் பாக்கெட் கடிகார அளவில் இதைச் செய்தது.

ஒரு குறை உண்டு. உலோகத்துக்குக் களைப்பு வரும். 1880ல் தென் அமெரிக்காவின் எக்வடாரில் சிம்போராசோ சிகரம் ஏறிய ஆங்கில மலையேறி எட்வர்ட் விம்ப்பர் கூடவே பல அனிராய்டுகளைக் கொண்டுபோனார். உயரத்தில் தங்கத் தங்க அவை உண்மையைவிடக் குறைத்துக் காட்டியதைக் கண்டார். திரும்பி வந்து காற்று பம்ப்புக்குக் கீழே வைத்துச் சோதித்ததில், குறைந்த அழுத்தத்திலேயே வைத்திருந்தால் நாள்கணக்கில் முள் மெல்ல இறங்கிக்கொண்டே போவது தெரிந்தது.

டயலில் 'ரெயின்', 'சேஞ்ச்', 'ஃபேர்' என்று இருக்கிறதே, என்னுடையது எப்போதும் 'சேஞ்ச்' பக்கமே நிற்கிறது. கெட்டுவிட்டதா?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கெடவில்லை. அந்தச் சொற்கள் நமக்காக எழுதியவை அல்ல.

ஆங்கில டயலில் 28ல் 'ஸ்டார்மி', 29ல் 'ரெயின்', 29.5ல் 'சேஞ்ச்' (மாற்றம்), 30ல் 'ஃபேர்' (நல்ல வானிலை), 30.5ல் 'செட் ஃபேர்' (நிலைத்த நல்ல வானிலை), 31ல் 'வெரி டிரை' என்று போகும். இங்கிலாந்தில் அட்லான்டிக் தாழ்வழுத்தங்கள் ஒன்றன் பின் ஒன்றாக வரும், நடுவே உயர்வழுத்தம் வந்து வானம் வெளுக்கும். முள் அங்கே உண்மையாகவே அந்த வட்டம் முழுக்க உலாவும். சென்னையில் கடல் மட்ட அழுத்தம் மே, ஜூனில் 1003–1005 ஹெக்டோபாஸ்கல் (வானிலை அறிக்கைகளில் வரும் அழுத்த அலகு) அளவில் இருக்கும். ஜனவரியில் 1014ஐ ஒட்டி வரும். அங்குலத்தில் 29.6க்கும் 29.95க்கும் நடுவில். வருடம் முழுக்க நம் முள் 'சேஞ்ச்'சுக்கும் 'ஃபேர்'க்கும் இடையில்தான் நடமாடும். அக்னி நட்சத்திரத்தில் மண்டை பிளக்கும் வெயிலில் 'சேஞ்ச்' காட்டும், மார்கழியில் மழை பெய்யும்போது 'ஃபேர்' பக்கம் நிற்கும்.

இங்கிலாந்திலேயே அந்தச் சொற்களை நம்ப வேண்டாம் என்று ஃபிட்ஸ்ராய் எழுதியிருக்கிறார். முள் எங்கே நிற்கிறது என்பதைவிட ஏறுகிறதா இறங்குகிறதா, எவ்வளவு வேகமாக என்பதைப் பாருங்கள் என்றார். இந்தக் கருவியைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் சொல்லலாம் என்றால் நானும் அதைத்தான் சொல்வேன்.

காலையில் ஏறியது சாயங்காலம் இறங்கிவிட்டது. மழை வருமா?

பொறுங்கள். நம் ஊரில் முள் தினமும் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்கும். காலை 10 மணிக்கும் இரவு 10 மணிக்கும் உச்சம், விடியற்காலை 4க்கும் மாலை 4க்கும் பள்ளம். சூரிய வெப்பம் வளிமண்டலம் முழுவதிலும் எழுப்பும் பன்னிரண்டு மணி நேர அலை இது. கடல் ஓதம் போலத்தான், ஆனால் இதற்குச் சந்திரன் அல்ல, சூரியன் காரணம். பூமத்தியரேகையை ஒட்டிய நாடுகளில் காலை உச்சத்துக்கும் மாலைப் பள்ளத்துக்கும் 3 ஹெக்டோபாஸ்கல் அளவுக்கு வித்தியாசம் வரும், அதாவது டயலில் பத்தில் ஒரு அங்குலம் மாதிரி. ஐரோப்பாவில் இந்த அலை சிறியது, வானிலையின் பெரிய ஏற்ற இறக்கங்களில் மறைந்துவிடும். தென் அமெரிக்காவில் அலைந்த ஜெர்மானிய அறிஞர் ஹம்போல்ட் இதன் ஒழுங்கைப் பார்த்து வியந்து, காற்றழுத்தமானியை வைத்தே மணி சொல்லலாம் என்று எழுதினார்.

அதனால் காலையையும் மாலையையும் ஒப்பிடாதீர்கள். இன்று காலை 10ஐ நேற்றுக் காலை 10 மணியோடு ஒப்பிடுங்கள்.

அப்படியானால் புயலை முன்கூட்டிச் சொல்லுமா?

சொல்லும், அந்த அலையை மனதில் வைத்துப் பார்த்தால். வெப்பமண்டலக் கடல்களில் கப்பல்காரர்கள் பின்பற்றும் கணக்கு ஒன்று உண்டு. அன்றாட அலையைக் கழித்த பிறகு, அந்தப் பருவத்துக்கு உரிய சராசரியைவிட 3 ஹெக்டோபாஸ்கல் குறைந்திருந்தால் புயலைச் சந்தேகி. 5 குறைந்திருந்தால் அருகில் எங்கோ புயல் இருக்கிறது என்றே வைத்துக்கொள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு டிசம்பரில் புயல் எங்கள் கரையை ஒட்டிக் கடந்தது. முந்தைய நாள் காலை 10 மணிக்கு முள் ஏறியிருக்க வேண்டும், ஏறவில்லை. விடியற்காலையில் நின்ற இடத்திலேயே நின்றது. வெளியே வெறும் மூட்டம்தான், காற்றுகூட இல்லை. ஞாபகக் குறிக்காக இருக்கும் இரண்டாவது முள்ளான பித்தளை முள்ளை அதன் மேல் பொருத்தி வைத்தேன். மாலை நான்குக்குள் நன்றாகவே இறங்கியிருந்தது. இரவு கரண்ட் போன பிறகு மனைவி டார்ச் பிடிக்க, மணிக்கொரு முறை விரலால் தட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு தட்டுக்கும் முள் ஒரு மயிரிழை இடப்பக்கம் நகர்ந்தது. மொத்தம் கால் அங்குலத்துக்குச் சற்று மேல். நள்ளிரவு தாண்டி ஒரு தட்டுக்கு நகராமல் நின்றது, அடுத்த முறை வலப்பக்கம் நகர்ந்தது. ஜன்னல்கள் அப்போதும் அதிர்ந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் புயல் விலகத் தொடங்கிவிட்டது என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

எச்சரிக்கைக்கு வானிலை ஆய்வு மையம் சொல்வதைத்தான் கேட்க வேண்டும். ஒற்றைக் கருவிக்குப் புயல் எந்தத் திசையில் போகிறது என்பது தெரியாது. உலகில் கடல் மட்டத்தில் அளந்ததிலேயே மிகக் குறைந்த அழுத்தம், 1979ல் பசிபிக்கில் 'டிப்' சூறாவளியின் நடுவில் பதிவான 870 ஹெக்டோபாஸ்கல். அங்குலத்தில் 25.7. சாதாரண டயலின் கடைசிக் குறியான 28 அதற்கு வெகு மேலே நின்றுவிடுகிறது.

கண்ணாடியைத் தட்டலாமா?

தட்டலாம், விரல் நுனியால், மெதுவாக. அச்சுகளிலும் சங்கிலியிலும் இருக்கும் உராய்வு விடுபட்டு முள் சரியான இடத்துக்கு வரும். தட்டும்போது எந்தப் பக்கம் நகர்கிறதோ அழுத்தம் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கதவைத் தட்டுவது போல் தட்டாதீர்கள்.

இரண்டு முள் எதற்கு?

நீலம் பாய்ச்சிய எஃகு முள்தான் அளப்பது. பித்தளை முள் வெறும் ஞாபகக் குறி. நடுக் குமிழைத் திருப்பி அதை எஃகு முள்ளின் மேல் வைத்துவிட்டால், அப்புறம் பார்க்கும்போது எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று தெரியும்.

சரியான அளவுக்கு எப்படி வைப்பது?

பின்பக்கம் ஒரு சின்னத் துளைக்குள் திருகு இருக்கும். அது ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும் தளத்தைக் கொஞ்சம் சாய்த்து முள்ளை நகர்த்தும். அமைதியான ஒரு நாளில், பக்கத்து விமான நிலையம் அந்த நேரத்தில் அறிவித்திருக்கும் கடல் மட்ட அழுத்தத்தைப் பாருங்கள். ஹெக்டோபாஸ்கலை 33.86ஆல் வகுத்தால் அங்குலம் வரும். 1010 என்றால் 29.83. திருகைக் கால் கால் சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் தட்டிப் பாருங்கள். வேகமாகத் திருப்பினால் சங்கிலி அறுந்துவிடும்.

கொடைக்கானலுக்கோ ஊட்டிக்கோ எடுத்துப் போனால்?

கடல் மட்டத்தை ஒட்டி ஒவ்வொரு எட்டு மீட்டர் ஏற்றத்துக்கும் ஏறக்குறைய ஒரு ஹெக்டோபாஸ்கல் குறையும். ஊட்டியில் அழுத்தம் 23 அங்குலம்தான். வீட்டு அனிராய்டின் முள் எண்களைத் தாண்டிப் போய் முட்டி நிற்கும். பின் திருகால் சில நூறு மீட்டர் உயரத்தைத்தான் ஈடுகட்ட முடியும். மலைக்கென்று தனியாகச் செய்தவை உண்டு, டயலைச் சுற்றி அடி கணக்கில் உயரமும் பொறித்திருக்கும். நில அளவையாளர்கள் வைத்திருந்தது அதைத்தான். விமானத்தில் உயரம் காட்டும் ஆல்டிமீட்டரும் பரம்பரையில் இதுவே.

'காம்பென்சேட்டட்' என்று எழுதியிருப்பதற்கு என்ன பொருள்?

வெப்பநிலைக்கு ஈடு செய்திருக்கிறார்கள் என்று பொருள், உயரத்துக்கு அல்ல. சூடு ஏறினால் ஸ்பிரிங் தளரும், அழுத்தம் மாறாமலே முள் நகரும். அதற்காக நெம்புகோலில் எஃகையும் பித்தளையையும் சேர்த்து ஒட்டி, சூட்டில் எதிர்ப்பக்கம் வளையும்படி செய்தார்கள். டப்பிக்குள் துளி காற்றை விட்டுவைப்பது இன்னொரு வழி.

வாங்கும்போது எப்படிச் சோதிப்பது?

கடைக்காரர் தட்டிக் காட்டும்போது முள் ஆடினால் மட்டும் நம்பாதீர்கள். ஜிப் வைத்த பெரிய பிளாஸ்டிக் பையில் காற்றோடு மூடி, பையை மெல்ல அமுக்குங்கள். முள் ஏற வேண்டும், விட்டதும் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். இல்லையென்றால் லிஃப்ட் இருக்கும் கட்டடத்தில் பத்து மாடி ஏறி இறங்குங்கள், பத்தில் ஒரு அங்குலம் மாறும். முள் 28க்கும் கீழே போய்ப் படுத்திருந்தால் டப்பி ஓட்டையாகியிருக்கலாம். அது கைவிட வேண்டிய கேஸ் மாதிரிதான், மாற்று டப்பி கிடைப்பது அரிது. முள் தொளதொளவென்று ஆடினால் சங்கிலி அறுந்திருக்கும், நல்ல வாட்ச் ரிப்பேர்காரரால் சரிசெய்ய முடியும்.

டயலில் இருக்கும் பெயரைப் பார்த்து விலை கொடுக்காதீர்கள். பல சமயம் அது விற்ற கடையின் பெயர். லண்டன் ஆப்டிஷியன்களும் கல்கத்தா, மதறாஸ் கடிகாரக் கடைகளும் வேறு பட்டறைகளில் செய்ததை வாங்கித் தங்கள் பெயரைப் பொறித்து விற்றார்கள். செய்தவரின் முத்திரை உள்ளே தகட்டில் சின்னதாக இருக்கும்.

இன்னொன்று. கிதார் போல நீளமான மரப்பெட்டியில் வட்ட டயலோடு வருபவை எல்லாம் அனிராய்டு அல்ல. பழையவற்றுக்குள் பாதரசக் குழாய் இருக்கும். பின்கதவைத் திறந்து பார்க்காமல் படுக்கப் போட்டுவிடாதீர்கள், பாதரசம் கொட்டும். அது விஷம்.

பாலிஷ் போடலாமா?

வெளிக்கூட்டுக்கு வேண்டுமானால் போடுங்கள். டயலைத் தொடவே தொடாதீர்கள். அந்த வெள்ளி நிறம் பித்தளை மேல் தேய்த்த மெல்லிய வெள்ளிப் பூச்சு. நான் முதலில் வாங்கிய அனிராய்டைச் சுத்தம் செய்யக் கொடுத்தேன். பாத்திரம் போலப் பளபளவென்று மஞ்சளாகத் திரும்பி வந்தது. எழுத்துகளில் நிரப்பியிருந்த கறுப்பு மெழுகும் போய்விட்டது. நூறு வருடம் தாங்கிய முகம் ஒரு மத்தியானத்தில் போயிற்று. அதைக் கேட்காமல் கொடுத்தது என் தப்பு, இன்னும் மனது ஆறவில்லை.

கடலோர ஊர்களில் உள்ளே இருக்கும் எஃகுச் சங்கிலியும் ஹேர் ஸ்பிரிங்கும் துருப்பிடிக்கும். வெயில் படாத, சமையலறையை ஒட்டாத உள்சுவரில் மாட்டுங்கள். எண்ணெய் ஊற்றாதீர்கள். அச்சுகளுக்கு மட்டும் ஊசி முனையில் ஒரு பொட்டு வாட்ச் எண்ணெய் போதும்.

ஃபோனிலேயே அழுத்தம் தெரிகிறதே, இது எதற்கு?

உங்கள் ஃபோனில் இருப்பதும் அனிராய்டுதான்! காற்று நீக்கிய நுண்ணிய அறையும் அதன் மேல் சிலிக்கான் படலமும், அழுத்தத்துக்கு ஏற்ப வளைவதும் விடி செய்த அதே வேலை. மாடி ஏறினால்கூடச் சொல்லிவிடும், துல்லியம் அதிகம். ஆனால் அதில் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. என் அனிராய்டுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் கட்டித் தொங்குகிறது. காலை 10 மணிக்குத் தட்டி, எண்ணைக் குறித்து, பித்தளை முள்ளைப் பொருத்தி வைப்பேன். என் மகள் எழுதப் பழகிய நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமைக் கட்டங்களில் இருப்பது அவள் கையெழுத்து.